பிரயாணியின் எச்சரிக்கையும் அனுமதிப்பத்திரத்தின் பொறுப்பும்

வாடகைக் காரில் ஏறுதல் நாளாந்த வாழ்வின் மிகச் சாதாரணமான செயல்களுள் ஒன்று. ஆயினும் அதன் தன்மையைச் சற்று ஆழ்ந்து நோக்கின், ஏனைய கொடுக்கல் வாங்கல்களினின்றும் அது வேறுபட்டதென்பது புலனாகும். கடைக்குச் சென்றவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்; பிடிக்காவிடின் வைத்துவிட்டு வெளியேறலாம். வாடகைக் காரில் ஏறியவரோ, கதவு மூடப்பட்ட கணத்திலிருந்து, முன்பின் அறியாத ஒருவரின் பொறுப்பிலே தம்மை ஒப்படைத்துவிடுகின்றார். வழியைத் தெரிவு செய்பவர் சாரதி. வேகத்தைத் தீர்மானிப்பவர் சாரதி. எங்கே நிறுத்துவது, நிறுத்தாமற் செல்வது என்பனவும் அவர் கையிலேயே உள்ளன. எனவேதான், ஒருவரை வாடகைக்கு ஏற்றிச்செல்லும் உரிமையை மற்றொருவருக்கு அளிக்கும் அனுமதிப்பத்திரத்தை வெறும் வருமானந் திரட்டும் கருவியாகக் கருதுதல் தவறாகும். ‘இவரை நம்பி ஏறலாம்’ எனச் சமுதாயத்தின் பேரால் அரசு கொடுக்கும் வாக்குறுதி அது.

அவ்வாக்குறுதி எவ்வளவு தூரம் காப்பாற்றப்படுகின்றது என்பதே முதலிற் கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால், ஏதேனும் அசம்பாவிதம் நிகழ்ந்ததும் வழமையாகக் கேட்கப்படுவது வேறொன்று: ஏறியவர் எச்சரிக்கையாக இருந்தாரா? இலக்கத் தகட்டைப் பார்த்தாரா? அந்த நேரத்தில் ஏன் தனியே சென்றார்? கேள்வி இவ்வாறு இடம் மாறும்போது பொறுப்பும் இடம் மாறிவிடுகின்றது. வாக்குறுதி கொடுத்தவர் விசாரிப்பவராகவும், அதனை நம்பியவர் விசாரிக்கப்படுபவராகவும் ஆகிவிடுகின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை, வாடகை வாகனங்களுக்கு அனுமதி வழங்குவதில் நீண்ட வரலாறுடைய பிரித்தானியாவின் அனுபவத்தைக் கொண்டு நோக்குதல் பொருத்தமாகும். உயர்கல்விக்காக இலங்கையிலிருந்து அங்கு செல்லும் மாணவருக்கும் அவ்வனுபவம் அயலான செய்தியன்று.

அனுமதிமுறையின் தோற்றம்

இலண்டனில் வாடகைக் குதிரை வண்டிகளை ஒழுங்குபடுத்தும் கட்டளைச்சட்டம் 1654 ஆம் ஆண்டிலேயே, குரொம்வெல்லின் ஆட்சியின்போது, பிறப்பிக்கப்பட்டது. அன்று 200 பேருக்கே அத்தொழிலை நடத்த அனுமதி அளிக்கப்பட்டது. 1847 ஆம் ஆண்டுச் சட்டமொன்று இலண்டனுக்கு வெளியேயுள்ள நகரங்களின் வாடகை வண்டிகளை உள்ளூர் அதிகாரிகளின் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தது. குதிரை போய் இயந்திரம் வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. வீதியிற் கைகாட்டி நிறுத்தவும், தரிப்பிடத்தில் நின்று பிரயாணிகளை ஏற்றவும் உரிமை பெற்றது டாக்சி ஒன்றே.

1960களின் தொடக்கத்தில் ‘மினிகாப்’ எனப்பட்ட தனியார் வாடகைக் கார்கள் இலண்டனிற் பெருகின. டாக்சிகளுக்கான சட்டம் இவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. இலண்டனுக்கு வெளியேயுள்ள இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு 1976 ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ், முற்பதிவை ஏற்கும் நிறுவனம், சாரதி, வாகனம் ஆகிய மூன்றும் தனித்தனியே அனுமதி பெறவேண்டும். தலைநகரான இலண்டனுக்கு அத்தகைய சட்டம் 1998 ஆம் ஆண்டிலேயே வந்தது. அதுவும் நடைமுறைக்கு வர மேலும் சில ஆண்டுகள் சென்றன. மினிகாப் தோன்றி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், உலகின் பெருநகரங்களுள் ஒன்றிலே, எவரும் தம் காரை வாடகைக்கு ஓட்டக்கூடிய நிலை இருந்ததென்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இச்சட்டங்களின் உயிர்நாடி முற்பதிவேயாகும். தனியார் வாடகைக் கார் வீதியில் நின்று ஆளேற்றக் கூடாது; அனுமதி பெற்ற நிறுவனத்தினூடாக முன்னரே பதியப்பட்ட பயணத்தையே அது மேற்கொள்ளலாம். இவ்விதி வெறுஞ் சம்பிரதாயமன்று. எந்தச் சாரதி, எந்த வாகனத்தில், எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே சென்றார் என்பது அப்பதிவினால் ஓரிடத்தில் எழுத்தில் நிற்கின்றது. தீங்கு செய்ய எண்ணுபவனுக்கு ஏட்டிலே பதியப்பட்ட தன் பெயரே முதலாவது தடை. மேலும், பதிவின்றி வீதியில் ஏற்றப்பட்ட பயணத்திற்கு வாகனத்தின் காப்புறுதி பொதுவாகச் செல்லுபடியாகாது. விபத்தொன்று நேரின் பிரயாணி இருவகையாலும் கைவிடப்பட்டவராவார்.

அறிவுரையும் அதன் எல்லையும்

இவ்வடிப்படையிலேயே பிரயாணிகளுக்கான அறிவுரைகள் எழுந்தன. தனியார் வாடகைக் காரை முற்பதிவு செய்தே பயன்படுத்துக. வீதியோரத்தில் வந்து ‘காரா வேண்டும்?’ எனக் கேட்பவருடன் செல்லற்க, சாரதியின் அடையாள வில்லையையும் வாகனத்தின் அனுமதித் தகட்டையும் பார்க்க, யாருக்காக வந்தீர் எனச் சாரதியையே கேட்டு, அவர் பெயரைச் சொன்ன பின்னரே ஏறுக, பின்னிருக்கையில் அமர்க, பயண விபரத்தை நண்பரொருவருக்குத் தெரிவிக்க. இவை யாவும் பயனுள்ளவை. இவற்றைப் பின்பற்ற வேண்டாமென எவரும் கூறார்.

ஆனால், ஓர் அறிவுரையின் மதிப்பு அதன் உள்ளடக்கத்தில் மாத்திரம் தங்கியிருப்பதில்லை. அதைக் கூறுபவர் தம் கடமையைச் செய்தாரா என்பதிலும் தங்கியுள்ளது. கிணற்றுக்கு மதில் கட்டவேண்டியவரே, கட்டாது விட்டுவிட்டு, ‘இருட்டில் பார்த்து நடவுங்கள்’ என்று பலகை நாட்டுவாராயின், பலகையிலுள்ள வாசகம் உண்மையாக இருப்பினும் அது ஏமாற்றேயாகும். அடையாள வில்லையைப் பார்த்து ஏறுக என்று பிரயாணிக்குக் கூறும் அதிகாரி, அவ்வில்லை யாருக்கு, எவ்வித சோதனையின் பின் வழங்கப்பட்டது என்பதற்குத் தாமே விடை கூறக் கடமைப்பட்டவர். அவ்விடை சரியாக இல்லாதபோது பிரயாணியின் எச்சரிக்கை என்ன பயனைத் தரும் என்பதை மூன்று நிகழ்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

அறிவுரையைப் பின்பற்றியோர்

முதலாவது, ஜோன் வொர்போய்ஸ் என்பவரின் வழக்கு. அவர் அனுமதியற்ற காரை ஓட்டியவரல்லர். இலண்டனின் புகழ்பெற்ற கறுப்பு டாக்சியின் சாரதி. அந்த அனுமதியைப் பெறுவதற்கு ஒருவர் இலண்டன் வீதிகளைப் பல ஆண்டுகள் மனனஞ்செய்து கடினமான பரீட்சையிற் சித்தியெய்த வேண்டும். இரவில் வீடு திரும்பும் பெண்களுக்கு ‘மினிகாப்பை வீதியில் நிறுத்தி ஏறாதீர், டாக்சியில் ஏறுக’ என்ற அறிவுரை ஓயாது கூறப்பட்ட காலம் அது. அவரது டாக்சியில் ஏறிய பெண்கள் அவ்வறிவுரையை எழுத்துப் பிசகாது பின்பற்றியவர்கள். சூதாட்டத்தில் வென்ற மகிழ்ச்சியெனக் கூறி, மயக்கமருந்து கலந்த மதுவை அவர்களுக்குக் கொடுத்து அவர் குற்றமிழைத்தார்.

2003 ஆம் ஆண்டிலேயே அவரது செயல் பற்றிய முறைப்பாடு பொலிசாருக்குக் கிடைத்தது. 2007 ஆம் ஆண்டில் அவர் கைதுசெய்யப்பட்டார். ஆயினும் குற்றஞ்சாட்டப்படாது விடப்பட்டார். அதன் பின்னரும் அவரது குற்றங்கள் தொடர்ந்தன. 2009 ஆம் ஆண்டில், 12 பெண்களுக்கு எதிரான 19 குற்றங்களுக்கு அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். இவ்விடயத்திற் பொலிசார் சரிவர விசாரணை செய்யாமை மனித உரிமை மீறலேயென 2018 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பின் முக்கியத்துவம் பெரிது. வீதியறிவை இவ்வளவு நுணுக்கமாகப் பரீட்சித்த ஓர் அமைப்பு, ஒரு பெண்ணின் முறைப்பாட்டை அதே நுணுக்கத்துடன் பரீட்சிக்கவில்லை. அறிவுரை கேட்ட பெண்கள் தம் பங்கைச் செய்தனர். கேட்கவேண்டிய வேளையிற் கேளாதவர்கள் அறிவுரை வழங்கிய பக்கத்திலேயே இருந்தனர்.

இரண்டாவது, ரொதர்ஹாம் நகரின் அனுபவம். அந்நகரிற் சிறார்கள் பாலியற் சுரண்டலுக்கு உள்ளாக்கப்பட்டமை குறித்து அலெக்சிஸ் ஜே 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,400 சிறார்கள் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. இவற்றுட் பலவற்றில் டாக்சிச் சாரதிகள் சம்பந்தப்பட்டிருந்தமையையும் அது சுட்டிக்காட்டியது. அடுத்து 2015 ஆம் ஆண்டிலே லூயிஸ் கேசி சமர்ப்பித்த அறிக்கை, நகரசபையின் டாக்சி அனுமதிப் பிரிவு பொதுமக்களைப் பாதுகாக்கத் தவறியதை விரிவாக எடுத்துரைத்தது. மத்திய அரசு ஆணையாளர்களை நியமித்து நகரசபையின் அதிகாரங்களைக் கையேற்றது. பின்னர் அங்கு அனுமதிபெற்ற வாகனங்களில் ஒளிப்படக்கருவி பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி சாரதியின் வில்லையை ஆராய்ந்து பார்த்து ஏறியிருக்க வேண்டுமென எத்துண்டுப்பிரசுரம் கூறும்? பிரயாணியின் எச்சரிக்கை என்ற வாதம் முற்றாக இற்றுவிழும் இடம் இதுவேயாகும்.

மூன்றாவது, செயலிவழி வாடகைச் சேவைகளின் வரலாறு. பெயர், முகம், இலக்கத் தகடு, செல்லும் பாதை ஆகிய யாவும் கைத்தொலைபேசித் திரையிலேயே தெரிவதால் இனி ஆபத்து நீங்கியதெனப் பலர் நம்பினர். இலண்டன் போக்குவரத்து அதிகாரசபை 2017 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஊபர் கம்பனியின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. பாரதூரமான குற்றங்களைப் பொலிசாருக்கு அறிவிப்பதில் கம்பனி கடைப்பிடித்த முறை அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றாகும். 2018 ஆம் ஆண்டில் நீதிமன்றம் குறுகியகால அனுமதியொன்றை வழங்கியது. 2019 ஆம் ஆண்டு நவம்பரில் அதிகாரசபை மீண்டும் மறுத்தது. அப்போது வெளிவந்த செய்தி சிந்தனைக்குரியது. அனுமதியற்றோர் ஏனைய சாரதிகளின் கணக்குகளிலே தம் புகைப்படத்தைப் பதிவேற்றிக் குறைந்தது 14,000 பயணங்களை ஓட்டியிருந்தனர். 2020 ஆம் ஆண்டில் நீதிமன்றம் மீண்டும் கம்பனிக்கு அனுமதி வழங்கியதெனினும், நிகழ்ந்தது நிகழ்ந்ததே.

‘திரையிலுள்ள முகமும் சாரதியின் முகமும் ஒன்றா எனப் பார்த்து ஏறுக’ என்பது செயலிக்காலத்தின் முதலாவது அறிவுரை. அந்த 14,000 பயணங்களில் ஏறிய பிரயாணிகள் அவ்வாறே பார்த்திருப்பின் என்ன கண்டிருப்பர்? திரையிலும் அதே முகம். வாகனத்திலும் அதே முகம். பெயரும் அனுமதியும் மாத்திரமே வேறொருவருடையவை. எவ்வளவு கூர்மையான கண்ணும் கண்டுபிடிக்க இயலாத மோசடி அது. அதனைக் கண்டுபிடிக்கக் கூடியது கம்பனி ஒன்றே.

நட்சத்திரக் கணக்கும் இத்தகையதே. பிரயாணிகள் இடும் நட்சத்திரங்கள் சாரதி இனிமையாகப் பேசினாரா, வாகனம் துப்புரவாக இருந்ததா என்பவற்றைச் சொல்லலாம். அவரது கடந்தகாலக் குற்றப்பதிவைச் சொல்லமாட்டா. அரசு செய்யவேண்டிய ஆய்வைப் பிரயாணிகளின் கைவிரலுக்கு மாற்றிவிட்டு அதனைப் புதுமையெனக் கொண்டாடுதல் நகைப்பிற்குரியது.

பொறுப்பைத் தட்டிக் கழித்தல்

மேற்கூறிய மூன்று நிகழ்வுகளையும் இணைக்கும் இழை ஒன்றுண்டு. பொறுப்பு ஒவ்வொரு படியிலும் கீழ்நோக்கித் தள்ளப்படுகின்றது. அரசு உள்ளூராட்சி மன்றத்தைச் சுட்டும். மன்றம் கம்பனியைச் சுட்டும். கம்பனி சாரதியைச் சுட்டும். ஊபர் கம்பனி தான் பிரயாணியையும் சாரதியையும் இணைக்கும் இடையீட்டாளனே என வாதிட்டமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்து, வழக்காடிய சாரதிகள் தொழிலாளருக்குரிய உரிமைகள் உடையோரே எனத் தீர்ப்பளித்தது. கட்டணத்தைத் தீர்மானிப்பதிலும் தரகுப்பணத்தை எடுப்பதிலும் எசமானாக நின்ற கம்பனி, சம்பளம் கொடுக்கும்போது மாத்திரம் அந்நியனாகிவிட இயலாதென்பதே அதன் சாரம். பாதுகாப்பிற்கும் அதே தர்க்கம் பொருந்தும். இலாபத்தில் பங்குடையவன் ஆபத்திலும் பங்குடையவனாதல் வேண்டும்.

சட்டத்தின் ஓட்டைகளும் இத்தள்ளுதலுக்குத் துணைபோகின்றன. இங்கிலாந்தில் ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றமும் தன் தராதரத்தைத் தானே வகுக்கின்றது. ஒரு நகரில் அனுமதி பெற்றவர் மற்றொரு நகரில் முற்பதிவுப் பயணங்களை மேற்கொள்ளலாம். கட்டணம் குறைந்த, விதி தளர்ந்த மன்றத்தை நாடிச் செல்லும் வழி இதனால் திறந்துள்ளது. ஓரிடத்தில் மறுக்கப்பட்டவரின் விபரம் மற்றோரிடத்தை எட்டாத நிலை நெடுங்காலம் நிலவியது. அனுமதி மறுப்புகளையும் நீக்கங்களையும் பொதுவான தரவேட்டிற் பதிவது 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே இங்கிலாந்திற் கடமையாக்கப்பட்டது. வெளியூர் அனுமதியோடு ஓட்டும் முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கவேண்டுமென லூயிஸ் கேசி 2025 ஆம் ஆண்டிலும் பரிந்துரைக்க நேர்ந்தது. முதலாவது கட்டளைச்சட்டம் பிறந்து 370 ஆண்டுகள் கடந்த பின்னரும் நிலைமை இதுவாயின், எச்சரிக்கையாக இருக்கவேண்டியவர் பிரயாணி மாத்திரந்தானா?

எழக்கூடிய மறுப்புகள்

‘எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதில் என்ன குற்றம்?’ என்பது முதலாவது மறுப்பு. சொல்வதிற் குற்றமில்லை, சொல்வதோடு நிறுத்துவதே குற்றம். பொறுப்புடையோர் தம் கடமையைச் செய்யாத இடத்தில் எச்சரிக்கையின் பட்டியல் முடிவின்றி நீளும். இலக்கத்தைப் பார் என்பது தனியே போகாதே என்றாகும். தனியே போகாதே என்பது இரவிற் போகாதே என்றாகும். ஈற்றிலே வீட்டிலேயே இரு என்பதில் வந்து முடியும். அப்பட்டியலின் சுமையைப் பெரும்பாலும் சுமப்பவர் பெண்களே. பாதுகாப்பு என்ற பெயரால் அவர்களின் நடமாட்டம் குறுக்கப்படும்போது, குற்றமிழைப்பவரின் நடமாட்டம் குறுகுவதில்லை.

‘எல்லாக் குற்றத்திற்கும் சாரதிகளே காரணம், அதிலும் பிறநாட்டினின்றும் வந்தோரே காரணம்’ என்பது பிரித்தானியாவில் உரத்து ஒலிக்கும் மற்றொரு குரல். இது முன்னையதிலும் கேடானது. குற்றவாளியின் குற்றத்திற்கு அவனே பொறுப்பாவான். அவனது இனமோ தொழிலோ அன்று. மிகப் பெரும்பாலான சாரதிகள் குறைந்த வருமானத்திற்கு நீண்ட நேரம் உழைப்பவர்கள். நள்ளிரவில், முன்பின் அறியாதோரைத் தம் முதுகுக்குப் பின்னே அமர்த்திக்கொண்டு ஓட்டுபவர்கள். கொள்ளைக்கும் தாக்குதலுக்கும் அவர்களும் உள்ளாகின்றனர். பதிவு, ஒளிப்படக்கருவி, முறையான விசாரணை ஆகியன பிரயாணியைக் காப்பது போலவே நேர்மையான சாரதியையும் பொய்ப்பழியினின்றும் காக்கும். கடுமையான அனுமதிமுறை சாரதிக்குப் பகையெனக் கூறுவோர், தரமற்ற அனுமதியினால் முதலில் மதிப்பிழப்பவர் நல்ல சாரதியே என்பதை மறந்துவிடுகின்றனர்.

இலங்கைக்கு உரிய பாடம்

இலங்கையில் வாடகை வாகனம் என்றதும் முச்சக்கர வண்டியே முதலில் நினைவுக்கு வரும். 2015 அளவிலிருந்து செயலிவழிச் சேவைகளும் கொழும்பிற் பரவலாயின. இங்கும் பிரயாணிகளுக்கு அதே அறிவுரைகளே கூறப்படுகின்றன; அதே எல்லைகளும் அவற்றிற்கு உண்டு. சாரதி அனுமதிப்பத்திரம் ஒருவர் வாகனம் ஓட்டத் தெரிந்தவர் என்பதற்குச் சான்று. பிறர் தம்மை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் என்பதற்கு அது சான்றாகாது. இரண்டும் வெவ்வேறான தகுதிகள் என்பதே பிரித்தானிய அனுபவம் புகட்டும் முதலாவது பாடம். இரண்டாவது தகுதியை ஒருமுறை சோதித்து விட்டுவிடாது தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்பது அடுத்த பாடம்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதிற் பங்குண்டு. நூலகத்திலிருந்து இரவிலே திரும்பும் மாணவிக்கு ‘நேரத்தோடு வந்துவிடு’ என்ற உபதேசத்தை வழங்குவது இலகு. நம்பத்தகுந்த போக்குவரத்தை ஒழுங்குசெய்வதும், வளாக வாயிலில் நிற்கும் வாகனங்களின் சாரதிகளைப் பதிவுசெய்வதும், முறைப்பாட்டை நம்பிக் கேட்கும் ஓர் அலுவலரை நியமிப்பதும் சற்றுக் கடினம். கடினமானதைச் செய்யாதவர்களுக்கு இலகுவானதைச் சொல்லும் தார்மிக உரிமை எங்கிருந்து வரும்?

இதனால் பிரயாணி கண்மூடி ஏறலாமென்பது பொருளாகாது. இலக்கத்தைப் பார்க்கட்டும், பதிவின்றி ஏறாதிருக்கட்டும், தன் பெயரைச் சாரதி சொல்லும்வரை கதவைத் திறவாதிருக்கட்டும். ஆனால் இவற்றை அச்சத்தினால் அன்றி உரிமையுணர்வினாற் செய்யட்டும். தகட்டைப் பார்ப்பவர், அரசு தமக்குக் கொடுத்த வாக்குறுதியின் இலக்கத்தையே பார்க்கின்றார். அதைக் குறித்துக்கொள்பவர், அவ்வாக்குறுதி பொய்த்தால் யாரிடம் கணக்குக் கேட்பது என்பதையும் குறித்துக்கொள்கின்றார். முறைப்பாடு செய்பவரை ‘ஏன் ஏறினாய்?’ என்று கேட்கும் சமுதாயம், அதற்கு முன்னர், ‘இவனுக்கு அனுமதி கொடுத்தது யார்?’ என்று கேட்கப் பழகவேண்டும். அக்கேள்வி முதலிற் கேட்கப்படும் நாளிலேதான் அனுமதிப்பத்திரம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் பிறக்கும்.